சேவைக்குப் புறப்படுமுன்: நமது மாணவியரை ஆயத்தப்படுத்திய வரலாறு

நூற்றாண்டு மலருக்காகச் சங்கத்தின் சமூக சேவை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழு எங்களைக் கேட்டபோது, எங்கள் உபகுழுவின் மேசையில் வேறொரு வேலை பாதியில் கிடந்தது. உயர்தரப் பரீட்சையில் தேறிப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் நமது புதிய தங்கையரை அலவத்துகொடவுக்குச் சேவைக்கு அனுப்புமுன் அவர்களுக்கு நடத்தவேண்டிய இரண்டு நாள் திசைமுகப்படுத்தல் நிகழ்ச்சியின் வரைவுதான் அது. "தண்ணீர் வாளி தூக்கவும் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கவும் இரண்டு நாள் வகுப்பா?" என்று செயற்குழுக் கூட்டத்தில் ஒரு மூத்த அக்கா கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் சரியான பதில் இருக்கவில்லை. பதிலைத் தேடிப் பின்னோக்கிப் போனபோது கிடைத்தவைதாம் இக்கட்டுரை. ஆகவே இது வரலாறுமாகிறது. அந்த அக்காவுக்கு நாங்கள் தரும் பதிலுமாகிறது.

கண்டியில் தொடங்கிய ஒரு வழக்கம்

படிக்கும் பிள்ளைகள் ஊருக்குள் இறங்கிச் சேவை செய்யவேண்டும் என்ற எண்ணம் கண்டிக்குப் புதிதல்ல. 1884இல் கிழக்கு லண்டனில் டொயின்பீ மண்டபம் திறக்கப்பட்டது. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் ஏழைகள் வாழும் பகுதியிலேயே தங்கி அவர்களோடு பழகவேண்டும் என்பது அதன் நோக்கம். அதைப் பார்த்துவிட்டுச் சென்ற ஜேன் அடம்ஸ் 1889இல் சிக்காகோவில் ஹல் இல்லத்தை நிறுவினார். அந்தக் காற்று நமது மலைநாட்டுக்கும் வந்தது. 1904 முதல் 1924 வரை திரித்துவக் கல்லூரியின் அதிபராக இருந்த ஏ. ஜி. பிரேசர், மாணவரைக் கொண்டு சமூக சேவை ஒன்றியம் ஒன்றை நடத்தினார். கண்டி நகரத்து ஏழை மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை மாணவர்கள் நேரில் அறியவேண்டும் என்று அவர் விரும்பினார்.

பிரேசர் செய்த இன்னொரு காரியம் நமது விடயத்துக்கு மிக நெருக்கமானது. அக்காலத்தில் ஆங்கிலப் பாடசாலைகளில் படித்த சிங்கள, தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குத் தத்தம் தாய்மொழியை எழுதவோ வாசிக்கவோ சரியாகத் தெரியாது. பிரேசர் அந்த மொழிகளைக் கல்லூரிக்குள் கொண்டுவந்து கற்பித்தார். தன் ஊராரோடு பேச மொழி இல்லாதவன் அந்த ஊருக்கு எப்படி ஊழியம் செய்வான் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. ஊருக்குப் போகுமுன் ஊரின் மொழி என்பது அன்றே தொடங்கிய பாடம்.

கொழும்பில் 1915இல் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் தலைமையில் இலங்கைச் சமூக சேவைக் கழகம் தொடங்கிற்று. படித்த வர்க்கத்தார் சேரிகளுக்குள் போய் வீட்டு வசதி, சுகாதாரம், கூலியாட்களின் நிலை ஆகியவற்றைப் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான். சேவை என்பது தர்மமாகக் கொடுப்பதோடு முடிவதில்லை, பார்த்து விசாரித்து அறிந்த பின்பே செய்யவேண்டியது என்ற எண்ணமும் அதனோடு வளர்ந்தது.

பெண்கள் எடுத்த வழி

நம்மைப் போன்ற பெண்களுக்கு வழிகாட்டியவர் டாக்டர் மேரி இரட்ணம். கனடாவிற் பிறந்து, மருத்துவராக 1896இல் இலங்கைக்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்து, இந்நாட்டையே தமது நாடாக்கிக்கொண்டவர். 1930இல் அவர் தொடங்கிய லங்கா மகிளா சமிதி, கனடாவின் கிராமிய மாதர் அமைப்புகளைப் பார்த்து உருவானது. கிராமத்துப் பெண்கள் தாங்களே கூடி, உணவு, சுகாதாரம், கைத்தொழில், பிள்ளை வளர்ப்பு ஆகியவற்றைப் பற்றிக் கற்றுக்கொள்ளும் சங்கங்கள் அவை. பட்டணத்துப் பெண் கிராமத்துக்குப் போய் உபதேசம் செய்துவிட்டு வருவது அவருடைய முறையல்ல. கிராமத்துக்குச் செல்லும் ஊழியர் முதலிற் பயிற்சி பெறவேண்டும், கிராமத்துப் பெண்களே பிறகு தங்கள் சங்கத்தை நடத்தவேண்டும் என்பது முறை. 1958இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. நம்முடைய பாட்டிமார் காலத்து மகிளா சமிதிக் கூட்டங்களை நினைவில் வைத்திருக்கும் அக்காமார் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஆயத்தம் எவ்வளவு அவசியம் என்பதை அடுத்து வந்த பெருந்துயரம் காட்டிற்று. 1934இல் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கிய நீரில் நுளம்பு பெருகியது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். கேகாலை மாவட்டம் மிக மோசமாக அடிபட்டது. சூரியமல் இயக்கத்து இளைஞர்களும் யுவதிகளும் குயினைன் எடுத்துக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். போனவர்கள் அங்கே கண்டது காய்ச்சலை மட்டுமல்ல, காய்ச்சலுக்கு முன்பே இருந்த பட்டினியையும். மருந்தை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பினால் போதாது, உணவும் வேண்டும் என்பதை அவர்கள் கண்ணால் கண்டு உணர்ந்தார்கள். கொண்டு போனது ஒன்று, தேவைப்பட்டது இன்னொன்று. இதே பாடத்தை நாங்களும் பிற்காலத்தில் வெட்கத்தோடு படிக்க நேர்ந்தது. அதைப் பின்னர் சொல்கிறோம்.

கனத்தொலுவவில் 1958

மாணவர் சேவை என்றதும் இந்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது சிரமதானம். 1958 டிசம்பரில் கொழும்பு நாலந்தக் கல்லூரியின் இளம் ஆசிரியர் ஏ. ரீ. ஆரியரத்ன தம் மாணவரைக் குருநாகல் மாவட்டத்திலுள்ள கனத்தொலுவ என்ற கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே வாழ்ந்தவர்கள் ரொடியர் என்று ஒதுக்கிவைக்கப்பட்ட மக்கள். நகரத்து மாணவர்கள் அம்மக்களோடு தங்கினார்கள், உண்டார்கள், மண் வெட்டினார்கள். அக்காலத்தில் அது சாதாரண காரியமல்ல. வீட்டுப் பெற்றோர்கள் முகஞ்சுளித்திருக்கக்கூடிய ஒரு முகாம்! அந்த முகாமிலிருந்துதான் சர்வோதய சிரமதான இயக்கம் வளர்ந்தது. ஆரியரத்னவுக்கு 1969இல் மகசேசே விருது கிடைத்தது. 2024 ஏப்ரலில் அவர் காலமானார்.

சிரமதான முகாம்களின் பழக்கங்களில் நாங்கள் எடுத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று, 'பவுல் ஹமுவ' என்று சிங்களத்தில் சொல்லப்படும் குடும்பக் கூட்டம். நாளொன்றில் வேலைக்கு முன்னும் பின்னும் எல்லோரும் வட்டமாக அமர்ந்து, என்ன செய்யப்போகிறோம், என்ன செய்தோம் என்று பேசுவார்கள். கிராமத்தார் ஒரு புறமும் வந்தவர்கள் மறுபுறமுமாக அமர்வதில்லை. மற்றொன்று, முகாமில் எவரும் எவரையும் பதவி சொல்லி அழைப்பதில்லை. அக்கா, தம்பி, தங்கை, அம்மா என்ற உறவுச் சொற்களே. சிங்களத்திலும் 'அக்கா', 'மல்லி', 'நங்கி' என்றுதான். இந்த இரண்டுக்கும் பணம் தேவையில்லை. ஆனால் இரண்டையும் முன்கூட்டியே சொல்லிக்கொடுக்காவிட்டால் எந்த மாணவியும் தானாகச் செய்யமாட்டாள்.

பேராதனைக்குப் போன நமது பிள்ளைகளும் பகிடிவதையும்

இங்கே கசப்பான ஒரு பக்கத்தையும் எழுதாமல் விட முடியாது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் அமைந்தது. 1952இல் பேராதனைக்கு இடம்பெயரத் தொடங்கிற்று. மகாவலிக் கரையில், கண்டிக்கு மிக அருகில் பல்கலைக்கழகம் வந்ததும் நமது பெற்றோர்களுக்கு ஒரு நிம்மதி. பெண் பிள்ளையைத் தூரதேசம் அனுப்பத் தேவையில்லை. நமது பழைய மாணவியர் பலர் அங்கே பட்டம் பெற்றார்கள்.

ஆனால் புதிதாக உள்ளே போகும் பிள்ளைக்கு அங்கே முதல் வாரங்களில் கிடைத்த 'வரவேற்பு' எல்லாக் காலத்திலும் நல்லதாக இருக்கவில்லை. 1975இல் இராமநாதன் விடுதியில், பகிடிவதைக்குப் பயந்த ஒரு மாணவி மாடியிலிருந்து குதித்து முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டாள். நடமாட முடியாமல் பல ஆண்டுகள் வாழ்ந்து இறந்தாள். 1997இல் பொறியியற்பீடத்துத் தமிழ் மாணவன் ஒருவன் பகிடிவதையின் பின் சிறுநீரகம் செயலிழந்து மாண்டான். அதன் பின்னரே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் ஏனைய வன்முறைகளையும் குற்றமாக்கும் சட்டம் அது.

இதற்கும் சேவைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒரு புதிய இடத்துக்குள் கால் வைக்கும்போது முதலில் யார் அவளை வரவேற்கிறார்கள், என்ன சொல்லித் தருகிறார்கள் என்பது அவள் மனதில் நெடுங்காலம் நிற்கிறது. மூத்தவள் இளையவளை அடக்கலாம் என்று முதல் வாரத்தில் கற்றுக்கொள்பவள், பிறகு ஊருக்குள் போனாலும் அதே கண்ணோடுதான் போவாள்: தெரிந்தவள் தெரியாதவர்களுக்கு உத்தரவிடலாம், உடையவள் இல்லாதவர்களை விசாரிக்கலாம் என்று. மூத்தவள் இளையவளுக்குத் துணையாக இருப்பாள் என்று முதலில் கற்றுக்கொள்பவளுக்கோ ஊரும் வேறுவிதமாகத் தெரியும். ஆகவே எங்கள் நிகழ்ச்சியின் முதல் விதி, மூத்த மாணவியர் எவரும் புதிய தங்கையரைப் பாட வைப்பதோ, ஆட வைப்பதோ, பட்டப் பெயர் வைப்பதோ கூடாது என்பது. விளையாட்டுக்காகக்கூட வேண்டாம்.

இருபது மணித்தியாலங்கள்

அயல்நாட்டில் இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் விவாதித்து ஒரு விடை கண்டார்கள். சுதந்திரம் பெற்ற கையோடு டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்வி ஆணைக்குழு மாணவர் தொண்டு பற்றிப் பேசிற்று. 1959இல் சீ. டி. தேஷ்முக் தலைமையிலான குழு அதைக் கட்டாயமாக்கவேண்டும் என்றது. அடுத்து கே. ஜி. சையிதீன் பல நாடுகளைப் பார்த்துவிட்டு வந்து, கட்டாயம் வேண்டாம், விருப்பத்தின் பேரில் வரட்டும் என்றார். இறுதியில், காந்தியடிகளின் நூற்றாண்டு ஆண்டான 1969இல், செப்டெம்பர் 24ஆம் திகதி, கல்வி அமைச்சர் வீ. கே. ஆர். வீ. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடக்கி வைத்தார். முதலில் 40,000 மாணவர்கள் சேர்ந்தார்கள்.

அத்திட்டத்தின் கணக்கு எங்களுக்குப் பிடித்தது. ஒரு மாணவி இரண்டு ஆண்டுகளில் 240 மணித்தியாலம், அதாவது ஆண்டுக்கு 120 மணித்தியாலம் சேவை செய்யவேண்டும். அந்த 120இல் 20 மணித்தியாலம் திசைமுகப்படுத்தலுக்கு, 30 கல்லூரி வளாகத்து வேலைகளுக்கு, 70 ஊர் வேலைகளுக்கு. ஆறில் ஒரு பங்கு ஆயத்தம்! தமிழ்நாட்டிலே படித்த நமது பழைய மாணவியர் சிலர் இந்தத் திட்டத்தின் முகாம்களுக்குப் போயிருக்கிறார்கள். ஏழு நாள் சிறப்பு முகாமுக்குப் போகுமுன் ஊரின் வரைபடம் தாங்களே வரைந்ததையும், கிணறு எங்கே, பாலர் பாடசாலை எங்கே, மழைக்காலத்தில் எந்தப் பாதை மூடப்படும் என்று பெரியவர்களிடம் கேட்டுக் குறித்ததையும் அவர்கள் எங்களுக்குச் சொன்னார்கள். வரைபடம் அழகாக வரவில்லையாம். ஆனால் வரையும்போது ஊரார் சுற்றி நின்று திருத்தியதால் முதல் நாளிலேயே எல்லோரும் அறிமுகமாகிவிட்டார்களாம்.

நாங்கள் செய்த பிழை

இனி எங்கள் கதை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. கண்டி மாவட்டம் கடுமையாக அடிபட்டது. மலைகள் சரிந்தன. பிங்கா ஓயா பெருகி அக்குறணை நகருக்குள் வந்தது. அலவத்துகொடப் பகுதியிலும் மண் சரிந்து உயிர்கள் போயின. உயர்தரப் பரீட்சையே இடைநடுவில் நின்றது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து மாத்தளைக்குப் போகும் நமது ஏ9 வீதி, எத்தனை தடவை நாம் போய் வந்த வீதி, அன்று அடையாளம் தெரியாமற் கிடந்தது.

சங்கம் சும்மா இருக்க முடியுமா? வெளிநாட்டிலிருக்கும் அக்காமார் பணம் அனுப்பினார்கள். கண்டியிலுள்ளவர்கள் உடுப்பு சேர்த்தார்கள். பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்த பிள்ளைகள் சிலர் "நாங்கள் போகிறோம்" என்று முன்வந்தார்கள். வீதி திறந்த கையோடு ஒரு வேனில் ஏற்றி அனுப்பிவிட்டோம். அவர்களுக்கு நாங்கள் சொல்லியனுப்பியது ஒரே வசனம்: "கவனமாகப் போய்ச் செய்துவிட்டு வாருங்கள், பிள்ளைகளே." எதைச் செய்வது, யாரைக் கேட்பது என்று சொல்லவில்லை. ஏனென்றால் எங்களுக்கும் தெரியாது.

உடுப்பு மூட்டைகளை அவிழ்த்தபோது உயர்ந்த குதிச் செருப்புகளும் கலியாண வீட்டுச் சட்டைகளும் வெளியே வந்தன. அங்கே தேவைப்பட்டவை பிள்ளைகளுக்குப் பாடசாலைச் சப்பாத்தும் அப்பியாசக் கொப்பியும், பெண்களுக்கு உள்ளாடையும் சுகாதாரத் துவாய்களும், மண்ணோடு போன தேசிய அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் திரும்ப விண்ணப்பிக்க ஒருவர் உதவியும். நாங்கள் எழுதிக் கொடுத்த ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு நமது பிள்ளை ஒருத்தி, உறவினரை இழந்த ஒரு தாயிடம் கேள்வி கேட்கத் தொடங்கினாள். அந்தத் தாய் சிங்களத்திற் பேசினார். நமது பிள்ளைக்குச் சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும். பக்கத்தில் நின்ற ஒரு முஸ்லிம் தம்பி மொழிபெயர்த்தான். பாதியில் அந்தத் தாய் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "மகள், நேற்றும் ஒருவர் இதையே எழுதிக்கொண்டு போனார். முந்தநாளும். எழுதினதெல்லாம் எங்கே போகிறது?"

பிள்ளையிடம் பதில் இல்லை. எங்களிடமும் இல்லை. அந்தப் படிவங்களை என்ன செய்வது என்று நாங்கள் தீர்மானித்திருக்கவே இல்லை.

அத்தோடு முடியவில்லை. இன்னொரு பிள்ளை, நல்லெண்ணத்தோடுதான், முகாமில் அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தையின் படத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்துப் பகிர்ந்தாள். குழந்தையின் தகப்பன் வெளிநாட்டில் வேலை செய்பவர். வீட்டார் அவருக்கு முழு விபரமும் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அவர் அறிந்துகொண்டார். ஊரிலிருந்து ஓர் ஆசிரியர் எங்களுக்குத் தொலைபேசி எடுத்தார். கோபமாகப் பேசவில்லை. "உங்கள் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். ஆனால் யாராவது சொல்லி அனுப்பியிருக்க வேண்டும், டீச்சர்" என்றார். கோபமாகப் பேசியிருந்தால் எங்களுக்கு இலகுவாக இருந்திருக்கும்.

இதைப் பெருமைக்குரிய நூற்றாண்டு மலரில் எழுதவேண்டுமா என்று எங்களுக்குள் வாதம் நடந்தது. எழுதவேண்டும் என்று தீர்மானித்தோம். பிழை பிள்ளைகளுடையதல்ல. ஆயத்தமில்லாமல் அனுப்பிய எங்களுடையது. அந்தத் தாயிடம் கேள்வி கேட்ட பிள்ளை இனி வரமாட்டேன் என்றாள். வற்புறுத்தவில்லை. சில வாரங்களின் பின் அவளே ஒரு தாளை எழுதி அனுப்பினாள். 'போகிறவர்களுக்குச் சொல்லவேண்டியவை' என்று தலைப்பு. முதல் வரி: யார் எங்களை வரச் சொன்னார்கள் என்று முதலில் அறிந்துகொள்ளவேண்டும். எங்கள் திட்டத்தின் முதல் பக்கம் அந்தத் தாள்தான்.

இரண்டு நாள் திட்டம்

முதலாம் நாள் பாடசாலை மண்டபத்தில். மூன்று விடயங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

முதலாவது, ஊரை அறிதல். அலவத்துகொடவில் சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் எல்லோரும் வாழ்கிறார்கள். 2018 மார்ச்சில் திகனவில் தொடங்கி அக்குறணை வரை பரவிய கலவரத்தின் வடு இப்பிரதேசத்து மனங்களில் இன்னும் உண்டு. ஆகவே ஒரு சமூகத்தாரின் வீடுகளுக்கு மட்டும் போய்த் திரும்புவது உதவியாகாது. சில வேளை உபத்திரவமாகும். பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர், மருத்துவ மாது, பன்சலை, பள்ளிவாசல், கோயில், பாடசாலை அதிபர் என்று யார் யாரிடம் முதலிற் பேசவேண்டும் என்ற பட்டியலைப் பிள்ளைகளே தயாரிப்பார்கள். நாங்கள் தயாரித்துக் கொடுப்பதில்லை.

இரண்டாவது, மொழியும் மரியாதையும். சிங்களம் தெரிந்தவரும் தமிழ் தெரிந்தவருமாக இருவர் இருவராகச் சேர்ப்போம். எவரும் தனியாக ஒரு வீட்டுக்குப் போவதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுவது, தேநீர் கொடுத்தால் வேண்டாமென்று தள்ளாமல் ஒரு வாய் குடிப்பது, நோன்புக் காலத்தில் பகலில் அந்த வீடுகளுக்கு முன் சாப்பிடாதிருப்பது, துக்க வீட்டில் முதலில் கேட்காமல் இருப்பது எல்லாம் இதில் அடங்கும். நமது அம்மாமார் வீட்டிலேயே சொல்லித் தந்தவைதாமே என்று தோன்றும். ஆனால் கையில் படிவமும் கழுத்தில் அடையாள அட்டையும் வந்தவுடன் அவை மறந்து போகின்றன என்பதை நாங்கள் கண்டோம்.

மூன்றாவது, செய்யக்கூடாதவை. குழந்தைகளின் படம் எடுப்பதில்லை. எதையும் வாக்குக் கொடுப்பதில்லை. பயன்படுத்தப்போகாத எந்தக் கேள்வியையும் கேட்பதில்லை. பிள்ளைகளுக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்தால் தாங்களே தீர்க்க முனையாமல் பொறுப்பாளரிடம் சொல்வது, தேவையானால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அறிவிப்பது.

இரண்டாம் நாள் அலவத்துகொடவில். அன்று வேலை எதுவும் செய்வதில்லை என்பதுதான் விதி. காலையில் ஊர்ப் பெரியவர்கள் இருவர் பிள்ளைகளை நடத்திக் கூட்டிச் செல்வார்கள். மலைச்சரிவை எப்படிப் பார்ப்பது என்று சொல்லித் தரப்படும்: நிலத்திலோ சுவரிலோ புதிதாக வெடிப்பு, சாய்ந்த மரமும் மின்கம்பமும், திடீரென இறுகிக்கொண்ட கதவு யன்னல், தெளிவாக ஓடிய ஊற்றுநீர் சேறாக வருவது அல்லது நின்றுபோவது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மூன்று நிலை எச்சரிக்கைகளையும் பிள்ளைகள் மனப்பாடமாகத் தெரிந்திருக்கவேண்டும்: மஞ்சள் வந்தால் அவதானம், செம்மஞ்சள் வந்தால் புறப்பட ஆயத்தம், சிவப்பு வந்தால் வெளியேற்றம். மஞ்சள் வந்தாலே எங்கள் வேன் போகாது. ஏற்கெனவே போயிருந்தால் திரும்பும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் ஒவ்வொருவருடைய தொலைபேசியிலும் இருக்கும். பெற்றோர்களுக்கு நாங்கள் கொடுக்கும் உறுதி இது.

மாலையில் குடும்பக் கூட்டம். ஊரார் சிலரும் நமது பிள்ளைகளும் வட்டமாக அமர்ந்து ஒரே கேள்வியைப் பேசுவார்கள்: நாங்கள் என்ன செய்தால் உங்களுக்கு உதவி, என்ன செய்யாவிட்டால் உதவி? வரைவைக் காட்டக் கடைசியாகப் போனபோது ஒரு முதியவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "இந்த இரண்டாவது கேள்வியை எங்களிடம் இதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை." அவர்கள் முதலிற் கேட்டது சனிக்கிழமைகளில் கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கப் பிள்ளைகள் வேண்டும் என்பது. அதுவும் மூன்று மாதம் வந்துவிட்டு நிறுத்துவதானால் வேண்டாம், ஒரு வருடமாவது தொடர்ந்து வரவேண்டும் என்பது. நமது பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் தொடங்கினால் போய்விடுவார்கள். ஆகவே ஒருவர் போகுமுன் அடுத்தவருக்குக் கையளிக்கவேண்டும். கையளிப்பதையும் முதல் நாளிலேயே சொல்லித் தரவேண்டும் என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். இரண்டு நாளுக்குள் அடங்காத ஒரே பாடம் அது. இன்னும் வரைந்துகொண்டிருக்கிறோம்.

பழைய மாணவியருக்கு ஒரு வேண்டுகோள்

ஆக, அந்த மூத்த அக்காவின் கேள்விக்கு எங்கள் பதில் இது: தண்ணீர் வாளி தூக்க வகுப்புத் தேவையில்லை, அக்கா. யாருடைய வாளி, எங்கே வைப்பது, எப்போது இறக்கிவிட்டு வருவது என்று அறியத்தான் இரண்டு நாள். கண்டியில் தாய்மொழியைக் கற்பிக்கத் தொடங்கிய பிரேசரும், பயிற்சியோடு கிராமத்துக்குப் போகச் சொன்ன மேரி இரட்ணமும், கனத்தொலுவவில் ஒரே பந்தியில் அமர்ந்த மாணவர்களும், 120இல் 20ஐ ஒதுக்கிய அயல்நாட்டாரும் இதையே வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள். அந்த அக்கா இக்கட்டுரையின் வரைவை வாசித்துவிட்டு, இரண்டாம் நாள் மத்தியானச் சாப்பாட்டை தன் வீட்டில் சமைத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

ரொறொன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் கொழும்பிலும் இருக்கும் சகோதரிகளே, பணம் அனுப்பிய உங்கள் மனதுக்கு நன்றி. இம்முறை உங்களிடம் வேறொன்றையும் கேட்கிறோம். நீங்கள் புதிய நாட்டுக்கு, புதிய கல்லூரிக்கு, புதிய வேலைக்குப் போன முதல் வாரத்தில் யார் உங்களுக்கு வழி சொன்னார், என்ன சொன்னார், எதை ஒருவரும் சொல்லாததால் தவித்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். அவற்றை முதல் நாள் காலை நமது தங்கையருக்கு வாசித்துக் காட்டுவோம். பழைய உடுப்பு மட்டும் அனுப்பவேண்டாம். அலவத்துகொடவிலிருந்து கொண்டுவந்த இரண்டு மூட்டைகள் சங்க அறையில் இன்னும் அவிழ்க்காமலே இருக்கின்றன.